ஏழுக்கு அப்புறம்

நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது என்றார்கள்.
ரொட்டி, பால், சூயிங் கம், சரி.
மாத்தே?
அதுவும்தான் என்றாள் நர்ஸ்.
பைசாந்துவில் பிறந்த ஒருவனிடம்
அதைச் சொல்ல எப்படி மனம் வந்ததோ.

ஐந்து மணிக்கே விழிப்பு.
சுரைக்குடுக்கை மேசைமேல் கவிழ்ந்திருந்தது.
பழக்கத்தில் கெட்டிலை ஏற்றிவிட்டேன்.
வீணாக்குவானேன் என்று
அந்த வெந்நீரில் சவரம் செய்துகொண்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
வீட்டுக்கு அழைத்துப்போக வருபவர் யார்?
டாக்சிக்காரர் கணக்கில் சேராது.
மகள் மலாகாவில்.
நிபியா போய் எட்டு வருடம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்து எழுதினேன்:
எபெர் ஒலிவேரா.
உறவுமுறை என்ற கட்டத்தில்: கண்டக்டர்.

நாலு வருடமாகப் பேச்சு இல்லை.
கெப்ராச்சோ தாண்டி ஒரு வளைவில்
நான் கண்ணயர்ந்தேன் என்று
ஆபீசில் போய்ச் சொன்னவன் அவன்.
இல்லை என்று சத்தியம் செய்தவன் நான்.
டிப்போ முழுக்க என் பக்கம் நின்றது.
சால்தோ ரூட்டிலிருந்து அவனைத் தூக்கினார்கள்.

போனில் ஒன்றுதான் கேட்டான்:
"எத்தனை மணிக்கு?"

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண்.
ஆடுகிற பல் உண்டா,
குறட்டை உண்டா,
மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்
குடும்பத்தில் உண்டா,
என்ன வேலை.
பஸ் டிரைவர், இருபத்தொன்பது வருடம்.
"அப்படியென்றால் இன்றைக்கு நான் ஓட்டுகிறேன்."
எல்லா டிரைவரிடமும் இதையே சொல்வாளாயிருக்கும்.
சிரித்தேன், பயந்தவன் சிரிக்கிற மாதிரி.

இத்தனை வருடம் என் முதுகுக்குப் பின்னால்
ஆட்கள் தூங்கினார்கள்,
வாய் பிளந்து, ஷூவைக் கழற்றிப்போட்டு,
கண்ணாடியில் தலை மோத மோத.
ஒருத்தரும் என் பெயர் கேட்டதில்லை.
நான் அவள் பெயரைக் கேட்டேன்.
அதற்குள் மாஸ்க் வந்துவிட்டது.

பத்து. மேலே விளக்கு.
ஒன்பது. முழங்கையில் ஏதோ குளிர்ந்து ஏறுகிறது.
எட்டு.
ஏழு



யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள்.
யாரை என்று தேடுகிறேன்.
முடிந்துவிட்டது என்கிறாள்.
என்ன முடிந்தது? ஆறு சொல்லவேயில்லையே.
சுவர்க் கடிகாரம்
ஒன்றே முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது.
தூக்கத்தில்கூடத் தூங்கினது தெரியும்.
இது வேறு.
சாலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு
இரண்டு முனையையும் ஒட்டிவைத்த மாதிரி.

தொண்டையில் குழாய் போன கீறல்.
அடிவயிற்றில் தையல்.
பல் கிட்டும் நடுக்கம், மேலே இரண்டு கம்பளி.
கட்டிலருகே எபெர்,
முழங்காலில் தொப்பியை மாட்டியபடி.
முழுக்க நரைத்துவிட்டான்.

"ஏதாவது உளறினேனா?"
"நர்ஸை டிக்கெட் எடுக்கச் சொன்னாய்."
"வேறு?"
ஜன்னலைப் பார்த்தான்.
"மூணு செகண்டுதான், மூணு செகண்டுதான் என்று
திரும்பத் திரும்ப."

அதற்குமேல் அவன் அதை நீட்டவில்லை.
வெளியே யாரோ தள்ளுவண்டியின்
ஒரு சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

ஒரு காகிதம் தந்தார்கள்:
இருபத்துநாலு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது,
கையெழுத்துப் போடக் கூடாது,
முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.
எபெர் உரக்க வாசித்தான். மடித்தான்.
முன்பு டிக்கெட் கட்டு வைக்கிற பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவன்தான் தண்ணீர் வைத்தான்.
முதல் ஊற்று ஊற்றுகிறவனுக்கு,
மொத்தக் கசப்பும் அதில்தான்.
முகம் சுளிக்காமல் உறிஞ்சித் தீர்த்துவிட்டு
இரண்டாவதை என்னிடம் நீட்டினான்.
கீறல் வழியே சூடு மெல்ல இறங்கியது.

நன்றி என்று வாய்வரை வந்தது.
எங்கள் பக்கம்
குடுக்கையைத் திருப்பித் தருகையில் நன்றி சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.

பேசாமல் நீட்டினேன்.
அவன் மறுபடி ஊற்றினான்.