இரண்டு பாயின்ட் பெரிதாக

தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கையில்
ஹெப்சிபா அக்கா என் கடைக்கு வந்தார்.
புளியந்தோப்பில் மழைத்தண்ணீர் வடியாத மூன்றாம் நாள்.
செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

சுயேச்சை. சின்னம் தலையணை.
"நல்ல சின்னம்" என்றேன், சும்மா.
"முப்பது வருஷம் அதைத்தான் சரிபண்ணேன்,
நோயாளிங்க தலைக்குக் கீழே."
பெரியாஸ்பத்திரி நர்ஸ். போன வருடம் ஓய்வு.

ஒன்று, கால்வாய். இரண்டு, தெருவிளக்கு.
மூன்று, காலை ஆறுக்குள் குப்பை வண்டி.
எல்லாக் கட்சிக்கும் அடித்துப் பழகிய வரிகள்,
விரல்கள் தாமாகவே ஓடின.
நான்காவதைச் சொன்னார்.
விரல் நின்றது.

*புற்றுநோய் வலிக்கும், பிள்ளைகளின் தீராத வலிப்புக்கும்
டாக்டர் சீட்டோடு
மருத்துவக் கஞ்சா எண்ணெய் கிடைக்கக்
குரல் கொடுப்பேன்.*

"அக்கா, இது கவுன்சிலர் வேலையா?
சட்டம் டெல்லியில இருக்கு.
நமக்கு மேன்ஹோல் மூடிதான்."
"தெரியும். குரல்னுதானே சொன்னேன்.
வாங்கித் தரேன்னு போடச் சொல்லலையே."

இந்தச் சந்தில் அந்தச் சொல்லுக்கு
ஒரே அர்த்தம்தான்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் அர்த்தம்.
என் தம்பி புழலில் இருக்கிறான்.
அம்மா வியாழக்கிழமைதோறும்
மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.
அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.
சந்துக்கே தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கோரக்கர் மூலின்னு போட்டுடலாமா?
சித்த வைத்தியப் பேர். யாருக்கும் கோபம் வராது."
"யாருக்கும் புரியவும் புரியாது.
ரெண்டு சொல்லும் ஒரே அளவுல இருக்கட்டும்.
ஒளிச்சு வெக்காதே."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
'மருத்துவ'வை மட்டும்
இரண்டு பாயின்ட் பெரிதாக்கினேன்.
நடுவில் நிற்கும் 'க்'கை
எந்தப் பக்கத்து அளவில் விடுவதென்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

நாலாவது தெருவில் ஒரு பெண்
நோட்டீஸைக் கிழித்து அக்காவின் முகத்தில் எறிந்தாளாம்.
"எம் புள்ளைய முழுங்கின சனியனை
எண்ணெய்னு சொல்லி விக்க வந்தியா?"
அக்கா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு
"பையன் பேரென்ன?" என்று கேட்டாராம்.
கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.
அன்று மீதித் தெருக்களுக்குப் போகவில்லை.
கூடப் போன பையன்கள் என்னிடம் வந்து
தலையில் அடித்துக்கொண்டார்கள்.

முந்நூற்றுப் பதினொரு ஓட்டு.
டெபாசிட் போயிற்று.
அதில் ஒன்று என்னுடையதா என்று
கேட்காதீர்கள்.

தை பிறந்த பிறகு ஒருவர் வந்தார்,
பட்டாளத்திலிருந்து நடந்தே.
ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தார்.
ஸ்கேன்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறையில்,
அந்த நோட்டீஸ்.
"நாலு மெடிக்கல்ல காட்டினேன், இல்லைங்கறாங்க.
கீழே உங்க பேர்தானே போட்டிருக்கு?"

அச்சகத்தின் பெயர், முகவரி, பிரதிகள் இரண்டாயிரம்:
சட்டத்துக்குப் பயந்து அடியில் போட்ட வரி.
அதை மருந்துக் கம்பெனி என்று படித்திருக்கிறார்.
அவர் கட்டைவிரல்
நான் பெரிதாக்கிய சொல்லின் மேல் இருந்தது.

"வீட்டுக்காரிக்கு" என்றார். "ராத்திரியில அவ..."
மேலே சொல்லவில்லை.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.
அக்காவின் நம்பரை அழுத்தினேன்.
ரிங் போய்க்கொண்டே இருந்தது.
இரண்டு பேரும் வாசலில் நின்று
மேன்ஹோல் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
புது மூடி.
ஜெயித்தவர் போட்டது.