வெற்று எடை

பஹாவ் மில்லில் எனக்கு எடைமேடை வேலை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்து நின்றால்
ஓர் எண்.
கொட்டிவிட்டுக் காலியாய்த் திரும்பி நின்றால்
இன்னோர் எண்.
முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால்தான்
காசு.

எட்டு வருஷமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
வியாழன் இரவுகளில்
ஆ சூங்கிடம் தோற்றுக்கொண்டும் இருக்கிறேன்.

ஹார்ட்வேர் கடைக்காரர். இடது கை.
சர்வீஸ் போடுமுன் பந்தை ஒருமுறை ஊதுவார்,
எண்ணெயிலிருந்து எடுத்த பலகாரம் போல.
பிறகு மணிக்கட்டில் என்ன செய்வாரோ,
என் மட்டையில் பட்ட பந்து
பக்கத்து பேட்மிண்டன் கோர்ட்டில் போய் விழும்.
"சாரி லா, தவா" என்பார்.
முகத்தில் சாரி இருக்காது.

காக் ரொஹானியிடம் மண்டபச் சாவி கேட்டேன்.
யாரோடு விளையாட என்றாள்.
தனியாகத்தான் என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மேசையின் ஒரு பாதியை நிமிர்த்திச் சுவராக்கி
இடப்பக்கம் இருநூறு, வலப்பக்கம் இருநூறு.
பிறகு விரித்துப் போட்டு
வலைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி
மைலோ டின் மூடி.
சர்வீஸ் அதில் விழ வேண்டும்.
முதல் வாரம் நூற்றுக்கு ஆறு.
விளையாட்டு என்பது பெரும்பாலும்
குனிந்து பொறுக்குவதுதான் என்று தெரிந்தது.
மூன்றாம் வாரம் முப்பத்தொன்று.
நான்காம் வாரம் இருபத்திரண்டு,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மட்டைக்குப் புது ரப்பர் வாங்கினேன்.
ஜப்பான் சரக்கு, நூற்று நாற்பது ரிங்கிட்.
பசை தடவி ஒட்டும்போது
முப்பது வருஷம் பால்மரம் சீவிய அப்பா
விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.
"எவ்ளோ தூரம் போய்ட்டு வந்திருக்கு"
என்று மட்டும் சொன்னார்.

கால் பழகியது. இடுப்பு பழகியது.
ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்தால் மட்டும்
கைப்பிடியை நான் பிடிக்கிற பிடி
ஓடுகிற பஸ்ஸில் தொங்குகிறவன் பிடி.
போன வியாழன் விட்ட பந்து,
அதற்கு முந்திய வியாழன் விட்டது,
படிவம் மூன்றில், சிரம்பானில்,
எல்லார் முன்னாலும் என்னை
ஏழே நிமிஷத்தில் அனுப்பிவைத்த ஜோகூர்க்காரி,
அத்தனை பேரும் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு
மூன்று கிராம் தேறாத பந்தை
அடிக்கப் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த மழை இரவு.
குணாளன் காலி லாரியை மேடையில் நிறுத்தினான்.
எண் இடித்தது. இருநூற்றுப் பத்து கிலோ கூட.
டார்ச் அடித்து ஏறிப் பார்த்தோம்.
தொட்டி மூலையில் சேறு, அழுகின காய்,
பழைய தார்ப்பாய், அதன் மடிப்பில் குளம்போல் தண்ணீர்.
"காலின்னுதான் நெனச்சேன்" என்றான்.
நான் சிரித்ததற்குக் காரணம் கேட்டான்.
சொல்லத் தெரியவில்லை.
மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று வியாழன்.
ஐந்தாவது செட். ஒன்பதுக்குப் பத்து.
பின்னால் நிற்பது நான், சர்வீஸும் என்னுடையது.
துண்டால் உள்ளங்கையைத் துடைத்தேன்.
சேறு, தார்ப்பாய், சிரம்பான்,
இறங்குங்கள் என்றேன், உள்ளுக்குள்,
கொஞ்சம் மரியாதையாகவே.
எல்லாரும் இறங்கவில்லை.
சுண்டுவிரல் தளர்கிற அளவுக்கு இறங்கினார்கள்.
பந்தை நான் ஊதவில்லை, அது அவர் வித்தை.
மூடி இருந்த இடத்தில் விழுந்து
சோம்பேறியாய் எழும்பியது.
ஆ சூங் பாய்ந்து நீட்டினார்.
வலை.
பத்துக்குப் பத்து.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு வரை இழுத்தோம்.
கடைசிப் பந்து என் பக்க விளிம்பை
மயிரிழை உரசிக் கீழே போனது.
அவருக்கு அது தெரிய வழியில்லை,
"அவுட்" என்று கையையும் விரித்துவிட்டார்.
"எட்ஜ்" என்றேன் நான்.
"உங்க பாயிண்ட்."

"சாரி லா" என்றார்.
இந்த முறை முகத்திலும் இருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
மைலோ மூடி இனிப் பெரிது.
வீட்டில் சின்னதாய் ஒரு பால் டின் இருக்கிறது,
நாளைக் காலை தேத்தண்ணிக்கு
அது தீர்ந்துவிடும்.