ஏழாம் கம்பு

பதினான்காவது கேள்வியில் நிற்கிறேன்.
"பாடநெறியின் கற்றற் பேறுகள் எய்தப்பட்டன."
முழுமையாக உடன்படுகிறேன் தொடங்கி
முற்றாக மறுக்கிறேன் வரை
ஐந்து வட்டங்கள்.
ஒலுவில் கன்டீனில் பிளேன்டீ ஆறுகிறது.

நுஸ்கி எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு
மோட்டர்சைக்கிள் திறப்பைச் சுழற்றுகிறான்.
ருஷ்தா போட்ட ஐந்து வேறு.
இறக்காமத்தில் அவள் படித்த பள்ளியில்
இரண்டு வருசம் புவியியலுக்கு ஆளில்லை.
"எதுக்குப் புள்ளி, எதுக்கு இல்ல என்டு
முதல் நாளே தாளில தந்தது இங்கதான்.
லேசா நினைக்காத."
நினைக்கவில்லை.
அந்தத் தாளை நானும்
பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன்.

சஜீவினி பேனையின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.
"எங்கட அண்ணா பட்டம் முடிச்சுப்போட்டு
காரைதீவு பேக்கரியில கணக்கெழுதுறார்.
அவர்ட பேற்றை ஆர் அளந்த?"

தாளில் இருப்பவை வினைச்சொற்கள்:
விவரிப்பர். ஒப்பிடுவர். கணிப்பர். மதிப்பிடுவர்.
'விளங்கிக்கொள்வர்' கிடையாது.
அளக்க முடியாத சொல்லாம்,
பயிற்சிப் பட்டறையில் வெட்டச் சொன்னார்களாம்.
இதை எங்களுக்குச் சொன்ன ஹில்மி சேரே
ஆங்கில ஸ்லைட் ஒவ்வொன்றும் முடிய
பழக்கதோசத்தில் கேட்பார்:
"விளங்கிச்சா புள்ளயள்?"
எண்பது தலைகள் ஆடும்.
அந்த ஆட்டத்துக்கு அலகில்லை.

மாரிக்கு முன் கரையோரம் பத்துக் கம்பு நட்டோம்.
நாடாவின் ஒரு முனை சஜீவினியிடம்,
மறுமுனை என் கையில்,
என் செருப்பு ஏழாம் கம்படியில்.
மாரி கழிந்து போனபோது ஒன்பதுதான்.
ஏழு நின்ற இடத்தில் தண்ணீர்.
ஒரு தென்னை
வேரை வெளியே காட்டிக்கொண்டு
அலையில் கிடந்தது.

அட்டவணையில் ஏழுக்கு நேரே
'தரவு இல்லை' என்று எழுதினோம்.
முழுமையற்ற தரவு, இரண்டு புள்ளி குறைவு.
விதிப்படி சரி. சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் அன்று,
நான் செருப்புக் கழற்றிய இடம் கடலாய்க் கிடக்க
நாடாவைச் சுருட்ட மறந்து நின்றோம் இருவரும்.
எதையும் விவரிக்கவில்லை.
ஒப்பிடவுமில்லை.
மூன்று வருசம் ஸ்லைடில் கிடந்த 'கரையரிப்பு'
முழங்கால்வரை நனைத்துவிட்டுத் திரும்பியது.

நுஸ்கி ஹோர்ன் அடிக்கிறான்.
நடு வட்டத்தைக் கறுப்பாக்குகிறேன்.
கீழே, வேறு குறிப்புகள் இருப்பின்,
ஒன்றரை வரி இடம்.

'ஏழாம் கம்பு விளங்கிச்சு, சேர்.'

பெயர் எழுத வேண்டாம் என்றிருக்கிறது.
என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.