முப்பத்தாறு எழுத்துக்குள்

ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
இரண்டு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது.
பார்வையாளர் படத்தைப் பார்க்க வேண்டும்
எழுத்தை அல்ல என்று
மின்னஞ்சலில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

வைத்திக்குப்பத்தில்
மின்சாரம் வந்து வந்து போன இரவு.
மடிக்கணினிக்குள் தூரான் என்றொரு ஈரான்காரி
பனி பெய்யும் ஊரின் பத்தாவது மாடியில்
கோட்டைக் கழற்றாமலேயே
புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள்.
மகள் நெகின் கதவோரம்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
போகிறவளா வந்தவளா,
இயக்குநர் சொல்லவில்லை.

தலை நிமிராமல் தூரான் எதையோ சொல்கிறாள்.
பிரெஞ்சு வரியில் ‘என் செல்லமே’.
குறிப்புத் தாளில், நேர்ப்பொருள்:
உன் ஈரலைத் தின்னட்டும் நான்.
அவர்கள் பக்கத்தில் அது கொஞ்சலாம்.

செல்லமே என்று அடித்தேன்.
நான்கு எழுத்து.
மீதி முப்பத்திரண்டும்
காலி மனை மாதிரி கிடந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா
நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.
“இந்தக் கோட்டு என்கிட்டயும் இருந்துச்சு.
இடது பாக்கெட்டு உள்துணி கிழிஞ்சு
சில்லறை பூரா அடியில எறங்கிடும்.
நடந்தா கிலுகிலுங்கும்.”

பதினோரு வருஷம் சார்செல்லில்
யார் யார் பிள்ளைகளையோ
பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள்.
அந்தப் பதினோரு வருஷமும் நான்
கடலூர் முதுநகரில், சித்தி வீட்டில்.
ஞாயிறு நாலு மணிக்கு
எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்
வியர்த்துப் போய் நிற்பேன்.
வருகிற அழைப்புக்கும்
நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் வாங்குவார் பூத்துக்காரர்.

சாப்பிட்டியா.
சாப்பிட்டேன். நீ?
சாப்பிட்டேன்.

இரண்டு நொடிக்குள் அடங்குகிற வசனங்கள்.
இந்த வேலைக்கு
அப்போதே பழகியிருக்கிறேன்.

படம் ஓடியது.
போனில் யாரிடமோ, சாப்பிட்டாயிற்று என்றாள் தூரான்.
அம்மா சிரித்தாள்.
“பொய்யி. அவ அடுப்புப் பக்கமே போவலியே.”

பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன்.
மூன்று காட்சியாக அந்த அடுப்பு பற்றவே இல்லை.
நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்,
என் கண்ணில் படவில்லை.
எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அப்ப நீயும்…” என்று வாயெடுத்தேன்.
மின்சாரம் போனது.
பேட்டரியில் படம் மட்டும் தொடர்ந்தது.
யார் வீட்டுச் சமையலறை வெளிச்சமோ
அம்மாவின் ஒரு கன்னத்தில்.

“மொதல்ல என்னமோ சொன்னாளே, என்ன அது?”
“ஈரலைத் தின்னட்டும்னு. செல்லமா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“ஒனக்கு மஞ்சக்காமால வந்தப்ப
ஈரல் வீங்கியிருக்குன்னு சித்தி சொன்னா.
கையில பேப்பர் இல்ல.
வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டான்.
அன்னிக்குப் போன்ல
ஒன்கிட்ட என்ன கேட்டன்னு நெனவில்ல.”

எனக்கு நினைவிருந்தது.
சாப்பிட்டியா என்றுதான் கேட்டாள்.
உப்பில்லாத கஞ்சியை
முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து
சாப்பிட்டேன் என்றேன்.
அதை இப்போதும் சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணு போறாளா வராளான்னு
இப்ப சொல்லிடாத” என்று
படுக்கப் போனாள் அம்மா.
சொம்பை மறந்து என் மேசையிலேயே வைத்துவிட்டு.

விடிகிற நேரத்தில் கோப்பை அனுப்பினேன்.
அந்த இடத்தில்:
உன் ஈரலைத் தின்னட்டுமாடி.

மறுநாள் மதியம் பதில் வந்தது.
மற்றதெல்லாம் நன்று,
நூற்றுப்பன்னிரண்டாம் வரியை மட்டும் மாற்றித் தரவும்,
அரங்கில் சிரித்துவிடுவார்கள்.

சிரிக்கட்டும் என்று எழுதிப் போட்டுவிட்டு
உள்ளே போய்
அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.