முந்நூறு போடு

நவம்பர் இருபத்தேழு.
க்ளாருஸில் மூன்று மணிக்கே
மலை வெயிலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறது.
விளக்கைப் போட்டேன். சமையலறை மேசையில்
காப்பீட்டுப் படிவங்களைப் பரப்பினேன்.
முப்பதாம் தேதிக்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்கவேண்டும்,
அஞ்சல் முத்திரை மட்டும் போதாது.
இதை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்,
வெரேனாவும் ஒவ்வோர் ஆண்டும்
முதல்முறை கேட்பவள்போல் தலையாட்டுகிறாள்.

பிரீமியம் மறுபடி ஏறியிருக்கிறது.
நான்கு நிறுவனங்களின் விலைப்பட்டியல், நான்கு புன்னகைக் குடும்பங்கள்,
எல்லோருக்கும் ஒரே பல்வரிசை.
காலையில் சூரிச்சிலிருந்து ஒரு தரகுப் பையன் கூப்பிட்டு
என் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தான்.
கூடப்பிறந்தவன்கூட அத்தனை கனிவாய்க் கேட்டதில்லை.

விஷயம் இவ்வளவுதான்:
படுத்தால் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்க் என் பாடு
என்று எழுதிக் கொடுத்தால் மாதத் தவணை இறங்கும்.
முந்நூறுதான் என் பாடு என்றால் ஏறும்.
அதாவது,
வருகிற ஆண்டில் எவ்வளவு நோயாளியாக உத்தேசம்?
கட்டத்தில் ஒரு குறி போடு.

பதினெட்டு ஆண்டாக இருவருக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு.
சூதில்லை, கணக்கு என்பேன்.
மிச்சத்தில் கூரை மாற்றினோம்.
ஒருமுறை த்ரியெஸ்தே வரை போய்க் கடல் பார்த்தோம்,
உடையாத எலும்புகளுக்கு என்று அவள் கோப்பையை உயர்த்தினாள்.
பக்கத்து வீட்டுக் காஸ்பர் கூரைப்பனி தள்ளப்போய் இடுப்பை முறித்தான்,
மறு ஆண்டே முந்நூறுக்கு இறங்கினான்.
இனி விழவே மாட்டான் பார் என்று சிரித்தோம்.
விழவில்லை.

என்னுடையதை முடித்துப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.
"உனக்கும் பழையபடிதானே?"
"எனக்கு முந்நூறு."
"ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு தண்டம்.
உனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கிறாய்."
"முந்நூறு போடு, ஃப்ரிடோலின்."

ஃப்ரிட்லி என்றுதான் கூப்பிடுவாள்.

நான் கேபிள் காரில் வேலை பார்க்கிறவன்.
கம்பிவடம் வெளியே மினுமினுவென்றுதான் இருக்கும்.
காந்தக் கருவியை மாட்டி மெல்ல ஓட்டுவோம்.
உள்ளே ஓர் இழை அறுந்திருந்தால்
திரைக்கோட்டில் சின்னதாய் ஒரு முள் எழும்.
ஓரிழையால் ஆபத்தில்லை.
பயணிகளிடம் அப்படித்தான் சொல்வோம், அது உண்மையும்கூட.

"எங்கே?" என்று கேட்டேன்.
இடது கையிடுக்கின் கீழே தொட்டுக் காட்டினாள்,
சட்டையில் பொத்தான் தேடுகிறவள்போல.
"எப்போதிருந்து?"
"செப்டம்பர்."
"டாக்டர்?"
"ஜனவரி நான்குக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.
புதுக் கணக்கு ஒன்றாம் தேதிதானே தொடங்குகிறது."

பதினெட்டு நவம்பர்களாக
இந்த மேசையில் இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தவன் நான்.
எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாள்.
செப்டம்பர், அக்டோபர், நவம்பர்,
பாத்திரம் கழுவிக்கொண்டு, என் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டு,
மலிவான தேதிக்காக
அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

கட்டத்தில் குறி போட்டேன். உறையை ஒட்டவில்லை.
தொலைபேசியை எடுத்தேன்.
"நாளைக்கே போகிறோம்."
"முழுப் பணமும் நம் தலையில் விழும்" என்றாள்,
"நஷ்டம், ஃப்ரிட்லி."
குரல் பாதியில் எங்கோ இடறியது.

மணி ஐந்தரை. மருத்துவமனையில் பதிவுக்குரல்:
அவசரமென்றால் ஒன்றை அழுத்தவும்,
பிற விவரங்களுக்கு இரண்டை.
எது அவசரம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை.
வெரேனா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை அழுத்தினேன்.