சலவைக் கணக்கு

க்யூர்பீப்பில் மழை நின்றால்
எங்கோ சட்டை மாற்றப் போயிருக்கிறது என்று பொருள்.
இந்த ஊரில்தான் துணி துவைத்துப் பிழைக்கிறேன்.

ஞாயிறு இரவு ஒரு மூட்டை வரும்.
பதினாறு சட்டை, பதினாறு கால்சட்டை,
ஜோடி சேராத காலுறைகள்.
கூலி சட்டைக்கு மட்டும், மற்றதெல்லாம் கொசுறு என்று
முதல் வாரமே செயலாளர் பேசி முடித்துவிட்டார்.

மைதானத்துக்கு நான் போனதில்லை.
ஆனால் யார் எப்படி ஆடினார்கள் என்று கேளுங்கள்.
ஃப்ளாக் மண் சிவப்பு, சோப்புக்கு மசியாது.
போர்ட் லூயியில் புல்லைவிடச் சரளை அதிகம்,
முழங்கை கிழிந்து வரும்.
ஏழாம் எண் ஆறுமுகத்துக்கு முதுகில் மட்டும் மண்:
காற்றுப் பட்டாலே விழுகிறவன்.
நான்காம் எண் ஜான்-நோயேல் சட்டையில்
எப்போதும் அடுத்தவன் ரத்தம்.
உட்கார்ந்தே இருந்தவர்கள் சட்டையிலும்
தேநீர்க் கறை, பிஸ்கட் தூள்.
அதையும் துவைக்கத்தான் வேண்டும்.

அக்டோபரில் இரண்டு வெற்றி.
மூட்டையோடு ரோஜா நிற நாப்பொலித்தேன் கேக் நான்கு வந்தன.
டிசம்பருக்குப் பிறகு கேக் இல்லை.
பிப்ரவரியில் புயல், மூன்றாம் எச்சரிக்கை,
இரண்டு வாரம் ஆட்டமும் இல்லை, எனக்குக் கூலியும் இல்லை.
அந்த இரண்டு வாரம்தான் அவர்கள் தோற்கவில்லை.

கோல்கீப்பர் தெசிரே. மஞ்சள் சட்டை.
எங்கள் தெருமுனைதான் வீடு, மூட்டை சுமந்து வருவதும் அவன்தான்.
இடது தோளில் மட்டுமே மண்ணாக வந்துகொண்டிருந்தது.
"வலப்பக்கம் பாயவே மாட்டாயா தம்பி?" என்றேன்.
சிரித்தான்.
அடுத்த ஞாயிறு வலது தோளெல்லாம் கருஞ்சேறு.
வாசலிலேயே பிரித்துக் காட்டினான்,
மதிப்பெண் வாங்கிய பையன் தாளைக் காட்டுவதுபோல.
அன்று பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
அந்தச் சட்டையை மட்டும்
இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசினேன்.

மே மாதம், கடைசி ஆட்டம்.
சமனில் முடிந்தால் போதும், முதல் பிரிவில் இருந்துவிடலாம்.
விடிந்ததிலிருந்து மழை.
மூன்று வாங்கினார்கள் என்று ரொட்டிக்காரன் சொன்னான்.
மூட்டையை யாரோ ஒரு பையன் போட்டுவிட்டு
நிற்காமல் போனான்.

பிரித்தேன்.
எண்ணைச் சுரண்டித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்,
அவ்வளவு சேறு.
எட்டாம் எண்ணின் கழுத்துப்பட்டியில் பல் தடம்.
அடியில் மஞ்சள்.
நனைந்திருந்தது, அவ்வளவுதான்.
இடது தோள் மஞ்சள்.
வலது தோள் மஞ்சள்.
முகத்தருகே கொண்டுபோனேன், வியர்வைகூட இல்லை,
மழை வாசனை.

காய்ச்சலாக இருந்திருக்கலாம்.
மூன்று பந்தும் கைக்கெட்டாத உயரத்தில் போயிருக்கலாம்.
இப்படி நானே அவனுக்கு வக்கீலாகி
வாதாடிக்கொண்டே
பதினைந்தைத் துவைத்தேன்.
பதினாறாவதைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

வியாழக்கிழமை செயலாளர் வந்தார்.
துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பதினாறு கொடுத்தோமே, மதாம் சின்னப்பென்?"
"துவைத்தது பதினைந்து.
காயப்போட நான் காசு வாங்குவதில்லை."

கொடியைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்ததாகத் தோன்றியது எனக்கு,
தூறலுக்கு ஒதுங்கி நின்றாரோ என்னவோ.
பிறகு
பதினாறுக்கே எண்ணி வைத்துவிட்டு
கையில் குடை இருந்தும்
விரிக்காமல் நடந்தார்.