குறை எண்

ஔலு நகரம். நவம்பர்.
மணி மூன்றுதான், அதற்குள் விளக்குப் போட்டாயிற்று.
வானிலைச் செயலிக்கு வரும் குறைகளைப் படிப்பது என் வேலை.
படித்து, தரம் பிரித்து,
'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அனுப்பிவிடுவது.

ஒருவருக்கு மழைத்துளிப் படம் கண்ணீர்போல் இருக்கிறதாம்.
உட்ரெக்ட்டிலிருந்து பனிச்சறுக்க வந்தவளிடம்
வரைபடம் சொல்லியிருக்கிறது:
ஆயிரத்து இருநூறு அடியில் வலப்பக்கம் திரும்புக.
அவள் தன் காலால் எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறாள்.
அறுநூற்றுப் பத்தில் பள்ளம்.
'யாருடைய அடி?' என்று கேட்கிறாள்.
நியாயமான கேள்வி.

காற்று பதினான்கு என்றீர்கள்,
பதினான்கு என்ன என்கிறார் ஒரு படகுக்காரர்.
மணிக்கு மைல் என்றால் வலை விரிப்பேன்.
நாட் என்றால் யோசிப்பேன்.
நொடிக்கு மீட்டர் என்றால்
படகுக்கு இன்னொரு கயிறு போடுவேன்.

பிறகு உர்ஹோ மத்தூஸ்.
நெல்லிம் ஊர், இனாரி ஏரிக்கரை.
'இன்று 4 என்கிறீர்கள். என் மீசை உறைந்துவிட்டது.'
நன்றி, என்றேன்.
'இன்று 9. நம்பி மேல்கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். பொய்.'
நன்றி.
தரம்: அற்பம்.

பதினோராவதில் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்.
'எனக்குக் கண் மங்கல். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.
குளிருக்கும் நான்கு, கதகதப்புக்கும் நான்கு காட்டுகிறீர்கள்.
உண்மையாகவே நான்கு வரும் நாளை
நான் எப்படி அறிவேன்?
அன்றைக்கு ஏரியின் மேல் நிற்பது நான்,
நீங்கள் அல்ல.'

கிம்மோவிடம் காட்டினேன்.
என் கைபேசியில் அப்படி வரவில்லையே என்றான்.
அவனுக்குக் கழுகுக் கண், பொடி எழுத்து.

இரவு பேருந்து நிறுத்தத்தில்
என் கைபேசியில் எழுத்தை ஆகப் பெரிதாக்கினேன்.
எண் வீங்கியது. வட்டத்துக்குள் அடங்காமல்
இடப்பக்கம் பிதுங்கியது.
துரும்பளவு ஒரு கோடு, மைனஸ்,
விளிம்பைத் தாண்டி விழுந்து
காணாமல் போயிற்று.
அது விழுந்ததும்
என் கையில் ஓர் ஏரி உருகத் தொடங்கியது.
பேருந்து வந்தது; நான் ஏறவில்லை.

டிசம்பரில் திருத்திவிட்டோம். கிம்மோ கேக் வாங்கிவந்தான்.
மறுநாள் காலை நெல்லிமிலிருந்து:
'குறி வந்ததா தெரியவில்லை.
இன்று 25 என்கிறீர்கள்.
பக்கத்து வீட்டு இங்கா நீச்சலுடை தேடுகிறாள்.'

திருத்திய கையோடு யாரோ
செல்சியஸைப் பாரன்ஹீட் ஆக்கியிருந்தார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
கேக்கில் பாதி இன்னும் மேசையில் இருந்தது.

இரண்டையும் சரிசெய்ய நாளாயிற்று.
ஜனவரியில் ஓர் இரவு, பன்னிரண்டு தாண்டி,
அவரிடமிருந்து வந்தது:
'மைனஸ் நாற்பது.
இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்த்தேன்,
அதே நாற்பதுதான்.
உங்களால் தவறு செய்ய முடியாத ஒரே நாள்.
உறங்குங்கள்.'

தரம் பிரிக்கும் கட்டம் காத்திருந்தது.
குறையா, பாராட்டா?
நன்றி என்று தட்டினேன். அழித்தேன்.
வலையில் என்ன கிடைத்தது என்று கேட்டேன்.

'வெள்ளைமீன் இரண்டு.
ஒன்று முழங்கை நீளம்.'

யாருடைய முழங்கை என்று
நான் கேட்கவில்லை.